பயிற்சி மையத்துக்குப் புறப்படும் முன்: புதிதாகத் தேர்வான சென்னை அக்னிவீரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முப்படைகளில் ஒன்றில் அக்னிவீரராகச் சேரத் தேர்வாகி, இறுதித் தகுதிப் பட்டியலில் தங்கள் பதிவு எண்ணைப் பார்த்த நாளிலிருந்து பயிற்சி மையத்துக்கு ரயிலேறும் நாள்வரை கிடைக்கும் சில வாரங்களை நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கழிக்கிறார்கள். ஒரு சாரார் உறவினர் வீட்டு விருந்துகளில் உடம்பைத் தளரவிடுகிறார்கள். இன்னொரு சாரார் பயிற்சியைச் சமாளிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் அளவுக்கு மீறி ஓடி, கணுக்காலையோ முழங்காலையோ கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்கிறார்கள். இரண்டுமே தவறு. உடலில் காயம் இல்லாமல், காகிதத்தில் குறை இல்லாமல், வீட்டில் முடிக்காத வேலை இல்லாமல் மையத்தின் வாசலில் போய் நிற்பதே இந்த வாரங்களின் நோக்கம். மற்றதையெல்லாம் அங்கே கற்றுத் தருவார்கள். அதற்காகத்தான் அந்த மையங்கள் இருக்கின்றன.

எங்கே போகிறோம், எதில் சேர்கிறோம்

கடற்படைக்குத் தேர்வானவர்கள் ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவுக்கும், விமானப்படைக்குத் தேர்வானவர்கள் கர்நாடகத்தின் பெலகாவிக்கும் செல்கிறார்கள். தரைப்படையில் சேர்பவர்கள் போகும் இடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு அல்லது ஐதராபாத், இ.எம்.இ. எனப்படும் மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவு என்றால் செகந்திராபாத் அல்லது போபால். பரங்கிமலையில் உள்ள பயிற்சி நிலையம் அதிகாரிகளுக்கானது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி நடக்கும் என்று எண்ணியிருக்கும் பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அக்னிவீரர்களைப் படையில் சேர்ப்பது 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம். அதில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். பயிற்சிக் காலமும் அதற்குள் அடங்கும். நான்கு ஆண்டு முடிவில் ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதத்தினர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது திட்டத்தின் விதி. இடையில் பிடிக்கவில்லை என்று தாமாக விலகி வர வழியில்லை. மிக விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே, உரிய அதிகாரியின் ஒப்புதலோடு விலக முடியும். பணிக்காலம் முடியும்வரை திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பதும் நிபந்தனை. கையெழுத்திட்டுப் படையில் சேர்க்கப்பட்டவுடன் தரைப்படையினருக்கு 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் பொருந்தத் தொடங்குகிறது. ஆகவே இன்னும் மனம் ஊசலாடுகிறது என்றால், அதை வீட்டாரோடு உட்கார்ந்து இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ரயிலேறிய பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

முதல் வேலை காகிதங்கள்

ஆவணங்கள் தொடர்பாக எழும் சிக்கல்களில் பெரும்பகுதி பெயரிலிருந்தும் முகவரியிலிருந்தும் வருபவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திக் எஸ்’ என்றும், ஆதாரில் ‘கார்த்திக் செல்வம்’ என்றும், பான் அட்டையில் ‘செல்வம் கார்த்திக்’ என்றும் ஒரே பையனுக்கு மூன்று பெயர்கள் இருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். தந்தையின் பெயர் ஒன்றில் செல்வம், இன்னொன்றில் செல்வராஜ் என்று இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். சான்றிதழ்களைப் பார்க்கும் எழுத்தர் வேறு மாநிலத்தவராக இருந்தால், இவை ஒரே ஆளின் பெயர்கள் என்று அவருக்குத் தானாகத் தோன்றாது. தோன்ற வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

எனவே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, எல்லாச் சான்றுகளையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து, உங்கள் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி ஆகிய நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றை அதற்கேற்பத் திருத்துவதே எளிய வழி. பள்ளிச் சான்றிதழிலேயே பிழை இருந்தால், படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை அணுக வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால், இந்த ஒப்பீட்டை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இருவேறு வடிவங்களில் உள்ள பெயர் ஒரே நபரைக் குறிக்கிறது என்று நோட்டரி முன்பு எடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் சில இடங்களில் ஏற்கப்படும். ஆனால் அதையே முழுதும் நம்பியிருக்க வேண்டாம். ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் வாசகத்தில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது முகவரி. சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களின் ஆதாரில் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கு முந்தைய முகவரிதான் இருக்கும். காவல்துறைச் சரிபார்ப்புக்கு வருபவர் வியாசர்பாடி முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுவார். நீங்கள் பெரும்பாக்கத்தில் இருப்பீர்கள். முகவரியை இப்போதே புதுப்பியுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், பழைய வீட்டு உரிமையாளரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விவரம் சொல்லி, தற்போதைய முகவரியை விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் மேல் எப்போதாவது ஒரு வழக்குப் பதிவாகியிருந்தால், அது தெருச் சண்டையாக இருந்தாலும், முடிந்துபோன வழக்காக இருந்தாலும், சரிபார்ப்புப் படிவத்தில் கேட்கும் இடத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். வழக்கு சிறியதாக இருக்கலாம். அதை மறைத்தது பின்னால் தெரியவந்தால், அந்தக் காரணத்துக்காகவே வேலை போகும்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, திருமணமாகாதவர் என்பதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறலாம். தாசில்தார் அலுவலகத்தில் தேங்கிவிடாமல் விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு பின்தொடருங்கள். திருமணமாகாதவர் சான்றும் நன்னடத்தைச் சான்றும் அண்மையில் வாங்கியவையாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அனுமதிக் கடிதத்தில் எத்தனை மாதத்துக்குள் என்று இருக்கும், அதைப் படித்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து தேவைப்படும். கல்லூரியில் சேர்ந்து பாதியில் கிளம்புபவர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அசலாகக் கல்லூரி அலுவலகத்தில் இருக்கும். கட்டண நிலுவை, நூலகப் புத்தகம், துறைத்தலைவர் கையெழுத்து என்று அவற்றைத் திரும்பப் பெற நாள் போகும். தேர்வு முடிவு வந்த மறுநாளே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் கைக்கு வந்த பின் அசல்களை ஒரு கோப்பிலும், சுய சான்றொப்பம் இட்ட நகல்களை இன்னொரு கோப்பிலும் வையுங்கள். கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் இருபதாவது கையில் இருக்கட்டும். தாடி, மீசை, தொப்பி, கண்ணாடி எதுவும் இல்லாமல் வெளிர்நிறப் பின்னணியில் எடுத்ததாக இருந்தால் எங்கும் மறுக்க மாட்டார்கள். ஒரு நகல் தொகுப்பை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

உங்கள் பெயர் பட்டியலில் வந்த செய்தி பரவியதும், சேர்க்கைக் கடிதத்தை விரைவாக வாங்கித் தருகிறேன், நல்ல பிரிவு ஒதுக்கித் தருகிறேன் என்று சிலர் தொலைபேசியில் அழைப்பார்கள். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிரிவு ஒதுக்கீட்டை வெளியாள் யாரும் மாற்ற முடியாது. ஐயம் எழுந்தால் தரைப்படையின் அதிகாரபூர்வ ஆள்சேர்ப்பு இணையதளத்தைப் பாருங்கள். அல்லது ஜார்ஜ் கோட்டையில் உள்ள ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

உடம்பைத் தயார்செய்வது

1.6 கிலோமீட்டரைக் குறித்த நேரத்தில் ஓடி, தரைப்படை என்றால் கம்பியிலும் ஏறி இறங்கித்தான் நீங்கள் தேர்வானீர்கள். ஆனால் ஒரு நாள் வேகமாக ஓடுவது வேறு; மாதக்கணக்கில் தினமும் ஓடி, அணிவகுத்து, கனத்த பூட்ஸில் நாள் முழுதும் நிற்பது வேறு. பயிற்சியில் பின்தங்குபவர்களில் பலரைப் பின்தங்க வைப்பது கால்தான். முன்னங்கால் எலும்பு வலி, எலும்பில் மயிரிழை முறிவு, பாதத்தில் கொப்புளம் ஆகியவை பழகாத கால் திடீரென்று பெரும் சுமையைச் சந்திக்கும்போது வருபவை. நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால், உங்களை அடுத்த அணியோடு சேர்த்துவிடுவார்கள். அதை அங்கே ‘ரெலிகேட்’ ஆவது என்பார்கள். கூட வந்தவர்கள் சத்தியப்பிரமாண அணிவகுப்பில் நடக்கும்போது நீங்கள் இன்னும் பாதிப் பயிற்சியில் இருப்பீர்கள்.

அதனால் ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓடினால் போதும். ஒரு நாள் மெதுவாக ஐந்து கிலோமீட்டர், ஒரு நாள் 2.4 கிலோமீட்டர் நேரம் பார்த்து, ஒரு நாள் சிறு தூர வேக ஓட்டங்கள் என்று பிரித்துக்கொள்ளலாம். 2.4 கிலோமீட்டரும் ஐந்து கிலோமீட்டரும் படையில் வழக்கமாக வைக்கும் உடல்திறன் சோதனைகளில் வரும் தூரங்கள் என்பதால், உடம்புக்கு அந்த அளவு இப்போதே பழகட்டும். சென்னையின் புழுக்கத்தில் காலை ஆறு மணிக்கு முன்பு ஓடி முடிப்பது நல்லது. மெரினாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மணலில் ஓடுவதையே பெரிய பயிற்சியாக நினைக்கிறார்கள். தளர்ந்த மணலில் குதிகால் ஆழமாகப் புதைந்து, கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் அதிகமாக இழுபடும். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது அதைப் புதிதாகத் தொடங்குவது காயத்தை வரவழைக்கும் வேலை. கடற்கரையை ஒட்டிய உட்புறச் சாலையோ, மாநகராட்சி விளையாட்டுத் திடலின் மண்தரையோ போதும். கயிறு ஏறுவது நம் பிள்ளைகளில் பலருக்குப் பழக்கமில்லாத ஒன்று. மரத்திலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ தடித்த கயிறு கிடைத்தால், காலால் பிடி போட்டு ஏறக் கற்றுக்கொள்ளுங்கள். தண்டாலும் கம்பிப் பயிற்சியும் தொடரட்டும். கடைசி ஒரு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, உடம்பை ஆறவிடுங்கள்.

பாதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் ஆண்டு முழுதும் செருப்பில் நடப்பவர்கள். காலுறையும் மூடிய காலணியும் அணிந்து பல மணி நேரம் நிற்கவும் நடக்கவும் இப்போதே பழகுங்கள். ராணுவ பூட்ஸை வெளியில் வாங்க வேண்டியதில்லை. அதை மையத்தில் கொடுப்பார்கள். பருத்திக் காலுறை வியர்வையில் நனைந்து தோலை உரசும். தடித்த, வியர்வையை வெளியேற்றும் வகைக் காலுறை நான்கு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். கால்நகத்தை ஓரம் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள். ஓரத்தில் ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும். கொப்புளம் வந்தால் தோலைப் பிய்க்காதீர்கள்.

தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தால் கூச்சப்படாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். சென்னை வெயிலில் இது பலருக்கு உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருப்பதால், அரிப்பு அடங்கியதுபோல் தோன்றி நோய் இன்னும் பரவும். நாற்பது பேர் ஒன்றாகத் தங்கும் கூடத்தில், வியர்வையில் ஊறிய உடுப்போடு இருக்கும்போது அது பெருந்தொல்லையாக மாறிவிடும். சொத்தைப் பல், காதில் சேர்ந்த அழுக்கு இவற்றையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். பல்லுக்கு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். புதிதாகப் பச்சை குத்திக்கொள்வது கூடவே கூடாது; உடலில் எங்கெங்கே பச்சை இருக்கலாம் என்பதற்குக் கண்டிப்பான விதி இருக்கிறது. சதையேற்றும் ஊசி, மாத்திரை, பெயர் தெரியாத மாவு எதையும் தொடாதீர்கள். முட்டை, சுண்டல், வேர்க்கடலை, கீரை, மீன் போதும்.

பழக்கங்களும் மொழியும்

காலை நான்கரைக்கு எழுந்து பழகுங்கள். அதற்கு இரவு ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும், கைப்பேசியை வேறு அறையில் வைக்க வேண்டும். சோறு இல்லாமல் சப்பாத்தியும் பருப்பும் மட்டும் சாப்பிடும் வேளை ஒன்று தினமும் இருக்கட்டும். பத்து நிமிடத்தில் குளித்து, முகம் மழித்து, உடுத்தி, படுக்கையை மடித்து வைக்கப் பழகுங்கள். சட்டைப் பொத்தான் தைக்கவும், துணியைத் துவைத்து இஸ்திரி போடவும், காலணிக்குப் பளபளப்பாகப் பாலிஷ் போடவும் தெரிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் அம்மா செய்துவந்த வேலையாக இருந்தால், இந்த வாரங்களில் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

கட்டளைகள் இந்தியில் இருக்கும். சாவ்தான் என்றால் விறைத்து நிற்பது. விஷ்ராம் என்றால் தளர்ந்து நிற்பது. தாஹினே முட், பாயேன் முட், பீச்சே முட் என்றால் முறையே வலம், இடம், பின்புறம் திரும்புவது. தேஜ் சல் என்றால் நடப்பது. தம் என்றால் நிற்பது. பயிற்சி தரும் ஹவில்தாரையும் நாயக்கையும் ‘உஸ்தாத்’ என்று அழைப்பார்கள், சமையல் கூடத்தை ‘லங்கர்’ என்பார்கள். ஒன்றிலிருந்து நூறு வரை இந்தியில் எண்ணவும், பெயர், ஊர், தந்தை பெயர், உடல்நிலை ஆகியவற்றைச் சொல்லவும் தெரிந்துகொண்டு போனால், முதல் மாதத்தின் திணறலில் பாதி குறையும். வெலிங்டன் போகிறவர்களுக்குத் தமிழும் மலையாளமும் பேசும் தோழர்கள் நிறையக் கிடைப்பார்கள். 1758-இல் உருவான மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்ற போர்முழக்கமே நம் மொழியில்தான் இருக்கிறது. அங்கேயும் அணிவகுப்புத் திடலில் கட்டளை இந்திதான்.

வீட்டுக் கணக்கு

முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய், பணிக்கால முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேமிப்பான சேவா நிதிக்குப் பிடிக்கப்பட்டு, 21,000 ரூபாய் கைக்கு வரும். அரசும் அதே அளவு தொகையைச் சேவா நிதியில் செலுத்துகிறது. நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் வருமான வரி இல்லாமல் கிடைக்கும் என்று திட்டம் சொல்கிறது. பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய்க்கான ஆயுள் காப்பீடும் உண்டு. அதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை. இதை வீட்டாருக்கு எண்களோடு எழுதிக் காட்டுங்கள். மாதம் முழுச் சம்பளமும் கைக்கு வரும் என்று எண்ணி, அதை நம்பிச் சீட்டுக் கட்டுவதும், புதிதாகக் கடன் வாங்குவதும் பல வீடுகளில் நடக்கின்றன. வாரிசுதாரராக யாரைக் குறிப்பிடப் போகிறீர்கள் என்பதையும் முன்பே தீர்மானித்து, அவருடைய ஆதார், வங்கிக் கணக்கு நகல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைக் தவணை ஓடிக்கொண்டிருந்தால், யார் கட்டுவது, எந்தத் தேதியில் கட்டுவது என்று எழுதி வையுங்கள். வண்டியை அண்டை வீட்டுத் தம்பி ஓட்டுவான் என்றால், காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக் காலத்தில் கைப்பேசி பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. மையம் அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் பேசலாம். ஆதாருக்கும் வங்கிக்கும் இணைத்த எண்ணுக்குத் தொடர்ந்து ரீசார்ஜ் செய்ய வீட்டில் ஒருவரை நியமியுங்கள்; மாதக்கணக்கில் பயன்படாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்படும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை யாரிடமும் கொடுத்துச் செல்லாதீர்கள்.

சமூக ஊடகக் கணக்குகளை அடக்கி வையுங்கள். 2020-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்கும்படி தரைப்படை தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. மையத்தின் பெயர், புறப்படும் ரயில், சீருடைப் படம் எதையும் நீங்களும் போடக் கூடாது, தம்பி தங்கைகளும் போடக் கூடாது. அறிமுகமில்லாத கணக்கிலிருந்து இனிமையாகப் பேசி விவரம் கேட்பவர்களை உடனே தடைசெய்யுங்கள்.

பெட்டி கட்டுவது

சேர்க்கைக் கடிதத்தோடு வரும் பட்டியலே வேதம். அதில் இல்லாததை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பொதுவாக ஓர் இரும்பு ட்ரங்குப் பெட்டி, இரண்டு பூட்டு, வெள்ளைப் பனியன், உள்ளாடை, விளையாட்டுக் காலணி, மழிக்கும் சாமான், சலவைச் சோப்பு, கருப்பு பாலிஷும் பிரஷும், ஊசி நூல், சிறு நோட்டு, பேனா, டார்ச் லைட் இவற்றோடு முடிந்துவிடும். ட்ரங்குப் பெட்டியைப் பாரிமுனைப் பக்கம் மலிவாக வாங்கலாம். பெயரையும் ஊரையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் கட்டும் கைலிக்கு அங்கே வேலையில்லை, இரண்டு டிராக் பேன்ட் வையுங்கள். வெலிங்டன் ஆறாயிரம் அடி உயரத்துக்கு மேல் இருப்பதால், வெப்பத்திலேயே வளர்ந்த நமக்கு மார்கழி, தை மாதங்களில் அங்குள்ள விடியற்காலை கடுமையாக இருக்கும். உள்ளே அணியும் வெப்ப ஆடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நகை, விலையுயர்ந்த கைக்கடிகாரம், கட்டுக்கட்டாகப் பணம் எதுவும் வேண்டாம். ஊறுகாய், முறுக்கு கொண்டுபோனால் ரயில் பயணத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

புறப்படும் நாளும் முதல் வாரமும்

ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவு முடிந்த பின், குழுவாகப் பிரித்து, பயண வாரண்டோடு (படை தரும் ரயில் பயண அனுமதிச் சீட்டு) அனுப்புவார்கள். குழுவுக்குப் பொறுப்பாக ஒருவர் இருப்பார். அவருடைய எண்ணை வீட்டில் கொடுங்கள். வழியனுப்ப வரும் உறவினர் கூட்டத்தை சென்ட்ரலில் நடைமேடைக்கு முன்பே நிறுத்திவிட்டு, உங்கள் குழுவோடு நில்லுங்கள். அசல் சான்றிதழ்க் கோப்பு பெட்டிக்குள் இருக்க வேண்டாம், தோளில் மாட்டிய பையில் இருக்கட்டும். இரவில் அதைத் தலைக்கடியில் வைத்துப் படுங்கள்.

மையத்தில் முதல் சில நாள் முடி வெட்டுவது, உடுப்பு அளவு எடுப்பது, படிவம் நிரப்புவது, மறு மருத்துவப் பரிசோதனை என்று போகும். எங்கேயும் வலி இருந்தால் அன்றே சொல்லுங்கள். பத்து நாள் பொறுத்து நொண்டிக்கொண்டு போய்ச் சொல்வது வீரமாகாது. ஒருவன் தவறுக்கு மொத்த அணியும் தண்டாலும் உருளலும் செய்ய நேரும். உஸ்தாத் சத்தம் போடுவார். அது உங்கள் மேல் தனிப்பட்ட வெறுப்பு அல்ல. முதல் மூன்று வாரங்களில் இரவில் வீட்டு நினைப்பு நெஞ்சை அடைக்கும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கும் அப்படியே இருக்கும், அவனிடம் பேசுங்கள். தூக்கம் வராமலும் சாப்பாடு இறங்காமலும் நாள்கள் தொடர்ந்தால், அணிப் பொறுப்பாளரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் அழைப்பு வராமல் போகலாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். வராத அழைப்பை நினைத்து அம்மா உறங்காமல் இருப்பது உங்கள் பயிற்சியையும் பாதிக்கும். தபால் நிலையத்தில் உள்நாட்டுக் கடித உறை பத்து வாங்கி, வீட்டு முகவரியை எழுதியே எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குப் படை எண்ணும், உட்பிரிவுகளான கம்பெனியும் பிளட்டூனும் ஒதுக்கப்பட்டவுடன், அந்த மூன்றையும் மையத்தின் அஞ்சல் முகவரியையும் முதல் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் வீட்டிலிருந்து வரும் கடிதமோ பணவிடையோ, நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் மையத்தில் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க நாளாகும்.